புதுக் கடை, பழைய பைப்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் தொழில் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெஸ், பேக்கரி, லாட்ஜ் என்று புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் தண்ணீர் வருவதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள், அது வெளியே போவதற்கு ஒதுக்குவதில்லை. குழாய் பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம். தரைக்கடியில் போகும் 4 இஞ்ச் கழிவு லைனை மாற்ற வேண்டுமானால் டைல்ஸை உடைக்க வேண்டும், கடையையும் மூட வேண்டும்.

முதல் தவறு அக்ரிமென்ட்டிலேயே நடந்துவிடுகிறது. வீடாக இருந்த கட்டடத்தை ஓட்டலுக்கு எடுப்பவர் வாடகையும் அட்வான்ஸும் பேசுவார், செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்க மாட்டார். ஐந்து பேர் குடும்பத்துக்குக் கட்டிய தொட்டி, நாளுக்கு இருநூறு பேர் வந்துபோகும் கடைக்குத் தாங்காது. தொட்டியின் நீளம், அகலம், ஆழம் என்ன, வழியும் நீர் எங்கே போகிறது, கழிவு உறிஞ்சும் லாரியின் குழாய் மூடிவரை எட்டுமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரி வர வழியில்லாத இடம் வேண்டவே வேண்டாம்.

கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சுகுழியைப் புதிதாக எடுப்பவர்கள் மண்ணைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் சில அடி தோண்டியதுமே பாறை தட்டும் இடங்கள் ஏராளம். குழி வெட்டி, மண் நன்றாக ஊறும்வரை தண்ணீர் ஊற்றி, மறுநாள் மீண்டும் ஊற்றிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு இஞ்ச்கூட இறங்கவில்லை என்றால் அங்கே உறிஞ்சுகுழி பயன்படாது. போர்வெல்லுக்கும் உறிஞ்சுகுழிக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி விடுங்கள். பாறை வெடிப்பு வழியாகக் கழிவுநீர் வேகமாகப் பரவும் என்பதால் இங்கே இன்னும் தள்ளியிருந்தால் நல்லது.

அடுத்தது வாட்டம். 4 இஞ்ச் லைனுக்கு 10 அடிக்கு 2 இஞ்ச் சரிவு வேண்டும், 3 இஞ்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. கழிப்பறையைப் பின்மூலையில் வைத்து, கழிவு லைன் போய்ச் சேரும் சேம்பர் 30 அடி தள்ளி இருந்தால் 6 முதல் 9 இஞ்ச் உயர வித்தியாசம் தேவைப்படும். தரை போட்ட பிறகு அதை எங்கிருந்து எடுப்பது? கொத்தனார் கான்கிரீட் போடுவதற்கு முன்பே ட்யூப் லெவலில் (நீர் நிரப்பிய ட்யூபில் மட்டம் பார்ப்பது) பார்த்துவிட வேண்டும். திருப்பங்களில் ஒரே 90 டிகிரி பெண்டுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டு போட்டால் அடைப்பு குறையும். திறந்து குத்துவதற்கு மூடி உள்ள டோர் பெண்டு இல்லாத லைன் என்றைக்காவது தரையை உடைக்க வைக்கும்.

ஓட்டல்காரர்கள் அதிகம் கோட்டை விடுவது சமையலறையில்தான். பரோட்டா, வறுவல் செய்யும் கடையின் பாத்திரம் கழுவிய நீரில் எண்ணெய் சூடாக இருக்கும்வரை ஓடும், ஆறியதும் குழாயின் உள்சுவரில் படியும். இதற்குத்தான் கிரீஸ் டிராப், அதாவது எண்ணெயை மிதக்கவிட்டுப் பிடித்துவைக்கும் தொட்டி. 24க்கு 18க்கு 12 இஞ்ச் சிங்க் ஒன்று ஏறக்குறைய 85 லிட்டர் பிடிக்கும். இரண்டு சிங்க்கை ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் 170 லிட்டர் வரும், ஆகவே 200 லிட்டருக்குக் குறைந்த டிராப் போட வேண்டாம். வெளியேறும் குழாய்க்கு ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, அதன் கீழ்வாய் நீருக்குள் மூழ்கி இருக்க வேண்டும். இல்லையென்றால் மிதக்கும் எண்ணெயே முதலில் வெளியே போகும். மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் தங்கும் கசடும் சேர்ந்து கால் பங்கைத் தொட்டதும் அள்ளிவிடுங்கள். கழிப்பறை லைனை இதில் சேர்க்கவே கூடாது.

வடிகஞ்சி தனிக்கதை. கொதிக்கக் கொதிக்கச் சிங்க்கில் ஊற்றினால் பி.வி.சி. குழாய் இளகித் தொய்யும், வாட்டமும் போய்விடும். கஞ்சிப் பசை எண்ணெயோடு சேர்ந்து கெட்டியாகும். டிரம்மில் பிடித்து ஆறவிடுங்கள், மாடு வைத்திருப்பவர்கள் எடுத்துப் போவார்கள்.

இனி வரும் தண்ணீர். இங்கே பல இடங்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். இந்தியத் தரப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். சாஃப்ட்னரும் அதை எடுக்காது, கடினத்தன்மையை மட்டும் குறைக்கும். சமையலுக்கும் குடிக்கவும் ஒகேனக்கல் நீர் அல்லது ஆர்.ஓ., கழுவவும் கழிப்பறைக்கும் போர் நீர் என்று தொட்டியையும் லைனையும் பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரு வால்வால் இணைத்து, “தேவைப்பட்டால் திறந்துக்கலாம்” என்று பிளம்பர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இட்லி ஸ்டீம் பாய்லருக்கும் கீசருக்கும் சாஃப்ட்னர் நீர் போகட்டும், இல்லையென்றால் உள்ளே உப்புப் படிந்து கேஸும் கரண்டும் வீணாகும்.

நெடுஞ்சாலைக் கடைக்காரர்கள் நாள் கணக்கை விட்டுவிட்டு நெரிசல் நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு பஸ் நின்றால் கால் மணி நேரத்தில் 30 முறை ஃப்ளஷ் இழுக்கப்படலாம். 8 லிட்டர் வீதம் 240 லிட்டர், கை கழுவுவது தனி. சமையலறைக்கும் அதே 500 லிட்டர் டேங்க் என்றால் இரண்டாவது பஸ்ஸுக்குத் தண்ணீர் இருக்காது. டேங்கிலிருந்து இறங்கும் மெயினை 1¼ இஞ்ச்சில் போடுங்கள். அரை இஞ்ச் கடைசியில் குழாய்க்கு மட்டும்.

சுடுநீருக்கு, சூடு தாங்கும் சி.பி.வி.சி. குழாய், அதற்குரிய ஒட்டும் சொல்யூஷனோடு. சாதாரண பி.வி.சி. சொல்யூஷன் அதில் நிற்காது. 10 மீட்டர் லைன் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒரு இஞ்ச் நீளும், ஆகவே கிளாம்பை இறுக்கி முடுக்காமல் நடுவில் ஒரு வளைவு விடுங்கள்.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், ஒட்டிய ஜாயின்ட் ஒரு நாள் காய்ந்தபின், பிரஷர் டெஸ்ட் கட்டாயம். பம்ப் 3 கிலோ அழுத்தம் தந்தால் கைப்பம்பில் 4.5 கிலோ ஏற்றி இரண்டு மணி நேரம் கேஜ் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். கழிவு லைனை அடைத்து நீர் நிரப்பிச் சோதியுங்கள். முடிந்ததும் சுவரில் அளவு டேப் பிடித்து, எல்லாப் பைப்பையும் போட்டோ எடுத்த பிறகே பிளம்பருக்குக் கடைசித் தவணையைக் கொடுங்கள்.