டிரினிடாடில் மேக்ஸி பிடிக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வார்விக் சந்திப்பில் டாக்ஸி பிடித்துப் பழகியவர்களுக்கு கரீபியன் தீவான டிரினிடாட் அவ்வளவு அந்நியமில்லை. நம்ம ஊர் மினிபஸ் டாக்ஸியைத்தான் அங்கே மேக்ஸி என்கிறார்கள். எந்தப் பக்கம் போகும் என்பதை வண்டியின் பட்டை நிறமே சொல்லிவிடும். சிவப்பு, கிழக்கே அரிமா பக்கம். பச்சை, தெற்கே சகுவானாஸ், சான் பெர்னாண்டோ. மஞ்சள், தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு மேற்கே டியேகோ மார்ட்டின். பக்கத்துத் தீவு டொபேகோவில் நீலம். போர்ட் ஆஃப் ஸ்பெயினில் சிவப்பும் பச்சையும் சிட்டி கேட் நிலையத்திலிருந்து கிளம்பும்.

ஏறியதும் எல்லோருக்குமாக ஒரு ‘குட் மார்னிங்’ சொல்லுங்கள். அங்கே அது மரியாதை. டர்பன் சாட்ஸ்வொர்த் பஸ் பாட்டுச் சத்தத்தில் வளர்ந்த நமக்கு இதுதான் புதுசு! கையில் சில்லறை இருக்கட்டும். பெரிய நோட்டை நீட்டினால் டிரைவர் முகம் கோணும்.

ஆட்களைச் சேர்த்து ஏற்றும் கார்களும் உண்டு. நம்பர் பலகை ‘எச்’ என்று தொடங்கினால் வாடகை வண்டி. ‘பி’ என்றால் சொந்த வண்டி. அதுவும் ஆள் ஏற்றும், உள்ளூர்க்காரர்களும் ஏறுவார்கள். நீங்கள் ஏறாதீர்கள், அதுவும் இருட்டிய பிறகு வேண்டவே வேண்டாம்.

சான் பெர்னாண்டோ நெடுஞ்சாலையில் காலை நெரிசல் ஆளை உருக்கிவிடும். வார நாள் என்றால் கடல்வழி போகும் வாட்டர் டாக்ஸி படகின் நேரத்தை முதலில் பாருங்கள்.

அப்படியே பார்படோஸ் போகிறவர்களுக்கு: பஸ் நிறுத்தப் பலகையில் ‘டு சிட்டி’ என்றிருந்தால் அதன் தலைநகர் பிரிட்ஜ்டவுன் பக்கம், ‘அவுட் ஆஃப் சிட்டி’ என்றால் எதிர்ப்பக்கம்.