சம்பாவுக்கு முன்னால் 45 நாள்: வயலுக்குள்ளேயே தழையுரம்

சென்னையைச் சுற்றியுள்ள திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் அறுவடை மெஷின் வயலை விட்டு ஏறியதும் வைக்கோல் கட்டும் மெஷின் இறங்கிவிடுகிறது. முன்பு வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணம் அதே வயலுக்குத் திரும்பியது. இப்போது கட்டுகள் லாரியேறி வெளியூர்த் தொழுவத்துக்குப் போகின்றன. டன்னுக்குச் சுமார் 15 கிலோ சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கூடவே போகிறது. விற்காமல் இருக்க முடியாது என்றால், ஈடாக வயலிலேயே தழை வளர்த்து மடக்கி உழுதுவிடுங்கள்.

இதற்குத் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடிதான் எங்கள் முதல் தேர்வு. இன்னொரு தழையுரச் செடியான சணப்பும் நல்ல தழைதான், ஆனால் தேங்கும் நீரில் அழுகிவிடும். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கிறது; தக்கைப்பூண்டு அந்த உப்பையும் ஓரளவு தாங்கும்.

சொர்ணவாரி (சம்பாவுக்கு முந்தைய நெல் போகம்) போடாத வயலில் ஆடி பிறந்ததும் கிடைக்கும் மழை ஈரத்தில் ஒரு உழவு ஓட்டி, ஏக்கருக்கு 20 கிலோ விதையை ஓரிரவு ஊறவைத்துத் தூவுங்கள். விதையில் சிக்கனம் வேண்டாம். இடைவெளி விட்டு முளைத்தால் தண்டு விரல் தடிமனுக்குப் பருத்து நார் ஏறிவிடும். நெருக்கமாக முளைத்தால் மெலிந்து சீக்கிரம் மட்கும். நெல்லுக்கு அடியுரமாக வைத்திருக்கும் சூப்பர் பாஸ்பேட்டில் ஒரு பங்கை இதற்கே போட்டால், காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜன்) சேர்க்கும் வேர் முடிச்சு நன்றாகப் பிடிக்கும். ஒரு செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

தக்கைப்பூண்டு விதைத்து 25 முதல் 30 நாளுக்குள் சம்பா நாற்று விட்டுவிடுங்கள். 45ஆம் நாள், பூ எட்டிப் பார்க்கும்போது மடக்கி உழ வேண்டும். தண்டை ஒடித்தால் பட்டென்று முறிய வேண்டும். நார் இழுத்துக்கொண்டு தொங்கினால் நாள் தாண்டிவிட்டது, மட்க இன்னும் ஒரு வாரம் கூடுதலாக விட வேண்டியிருக்கும். நன்றாக வந்த பயிர் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் பச்சைத் தழை தரும்.

உழும்போது இரண்டு விரல் உயரத் தண்ணீர் போதும். அதிகம் நிறுத்தினால் ரோட்டவேட்டருக்குப் பின்னால் தண்டெல்லாம் மிதக்கும். இரண்டு ஓட்டு ஓட்டிச் சேற்றில் அமுக்கி, 7 முதல் 10 நாள் ஈரம் காயாமல் வைத்துவிட்டு நடுங்கள். அதற்குள் நாற்றும் 30 நாளை ஒட்டி வந்திருக்கும்.

பலர் தவறுவது இந்த இடைவெளியில்தான். ஆள் கிடைத்துவிட்டது என்று மூன்றாம் நாளே நட்டால், தழை அழுகும்போது வரும் அமிலமும் வாயுவும் இளவேரைச் சுட்டுவிடும். சேற்றை மிதித்தால் குமிழி வரும், அழுகிய முட்டை வாடை அடிக்கும், பயிர் மஞ்சளித்து நின்றுவிடும். யூரியா போட்டால் தீராது. தண்ணீரை வடித்து, மயிரிழை வெடிப்பு விழும்வரை இரண்டு மூன்று நாள் காயவிட்டுப் பாய்ச்சுங்கள். வெள்ளை வேர் விட ஆரம்பிக்கும். துத்தநாகக் குறை உள்ள மண்ணில் வழக்கமாக ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடுவோம். தழையுரம் மடக்கிய வயலுக்கு அதில் பாதி போதும்.

இரண்டு போகத்துக்கும் நடுவே 45 நாள் கிடைக்காதவர்கள் அறுத்தபின் நிற்கும் நெல் தாளையாவது எரிக்காமல், நடவுக்கு மூன்று வாரம் முன்பே ஈரத்தில் உழுதுவிடுங்கள். தாளில் தழைச்சத்து குறைவு என்பதால் நுண்ணுயிர்கள் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். அதற்காக உழவோடு ஏக்கருக்கு 10 கிலோ யூரியா தூவலாம். தொழு உரம் ஏக்கருக்கு 5 டன், மட்கியதாக இருக்க வேண்டும். நகரக் குப்பை உரம் வாங்கினால் ஒரு மூட்டையைப் பிரித்துச் சலித்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டு இருந்தால் வேண்டாம், சேற்றில் வெறுங்காலோடு நடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் (மட்கின் அளவைக் காட்டும் எண்) 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75க்கு மேல் போனால் நல்ல மண். நம் வெயிலில் மட்கு வேகமாகக் கரையும். ஒரு வருடத்தில் எண் மாறாது. மூன்று ஆண்டு விடாமல் மடக்கிவிட்டு, அதே வயலில், அதே கோடை மாதத்தில், 15 சென்டிமீட்டர் ஆழத்தில் பத்துப் பதினைந்து இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ கொடுத்துப் பாருங்கள்.