அமிலம் அரித்த பல்லில் பாண்டிங்: முதலில் அந்தப் பளபளப்பைப் போக்குங்கள்

மும்பையின் மாதுங்கா, சயான் பக்கக் கிளினிக்குகளில் அமிலம் அரித்த பல்லை அடிக்கடி பார்க்கலாம். கோலாவும் எலுமிச்சைச் சாறும் முன்பல்லின் வெளிப்பக்கத்தைத் தின்னும். எதுக்களித்து வரும் இரைப்பை அமிலம் மேல்பல்லின் அண்ணப் பக்கத்தைத் தின்னும். காரணத்தை நிறுத்தாமல் பாண்டிங் செய்து, அதாவது பசைபோல் ஒட்டி, காம்போசிட் (பல் நிற ரெசின் ஃபில்லிங்) வைத்தால் சுற்றியுள்ள பல் மேலும் கரைந்து, ஃபில்லிங் மட்டும் திட்டாகத் துருத்தி நிற்கும்.

ரப்பர் டேம் (எச்சில் படாமல் பல்லைத் தனிப்படுத்தும் ரப்பர் விரிப்பு) போட்டு, தண்ணீரில் குழைத்த பியூமிஸால் (நுரைக்கல் தூள்) தேயுங்கள். எண்ணெய் கலந்த பேஸ்ட் வேண்டாம்.

பலர் கோட்டைவிடுவது அடுத்த படியில். மஞ்சள் பழுப்பாய், கண்ணாடிபோல் மின்னும் டென்டின் (எனாமலுக்கு அடியில் உள்ள பல் திசு), ப்ரோப் (பல்லைத் தடவிப் பார்க்கும் ஊசி) வைத்தால் வழுக்கும். பார்க்கச் சுத்தமாக இருப்பதால் அப்படியே எட்ச் செய்ய, அதாவது மேற்பரப்பை அரித்து ஒட்டத் தயாராக்க, ஆசிட் வைத்துவிடுகிறோம். அதன் நுண்குழாய்களைத் தாதுப்படிவு அடைத்திருக்கும், மேல்தோலும் அமிலத்துக்கு எளிதில் மசியாது; ரெசின் உள்ளே இறங்க வழியில்லை. எட்ச் நேரத்தைக் கூட்டுவதைவிட மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவதே மேல். சிவப்பு வளைய (நுண்மணி) டயமண்ட் பர்ரால் (சுழலும் தேய்ப்புமுனை) லேசாக வருடினால் போதும், குழி தோண்டக் கூடாது. வசதியிருந்தால் என் ஓட்டு 50 மைக்ரான் அலுமினாத் தூளைக் காற்றில் பீய்ச்சித் தேய்க்கும் ஏர் அப்ரேஷனுக்குத்தான். காய வைத்துப் பாருங்கள்: மினுக்கம் போய் மங்கலாகத் தெரிய வேண்டும். எனாமல் விளிம்பை 1 மி.மீ. அளவுக்குச் சரித்துவிடுங்கள்.

37% பாஸ்பாரிக் ஆசிட் எனாமலில் மட்டும், 30 விநாடி. நன்றாகக் கழுவி உலர்த்தினால் சுண்ணாம்பு வெள்ளை தெரியும்.

டென்டினுக்கு எம்.டி.பி. என்ற வேதிப்பொருள் உள்ள பாண்டிங் திரவம்தான், எம்.டி.பி. பல்லின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்காட்ச்பாண்ட் யுனிவர்சல் என்ற பாண்டிங் திரவம் என்றால் 20 விநாடி தேய்க்க வேண்டும். தடவிவிட்டு வேடிக்கை பார்த்தால் ஒட்டாது. பிறகு 5 விநாடி மென்காற்று, திரவம் அலையாமல் அடங்கும்வரை. 10 விநாடி லைட் அடித்து இறுக்குங்கள்.

மும்பை மழைக்காலத்தில் அந்தக் காற்றையே சந்தேகப்படுங்கள். கம்ப்ரெசர் டேங்கில் தண்ணீர் சேரும். காலையில் வால்வைத் திறந்து வடித்துவிட்டு, மவுத் மிரரில் காற்றை ஊதிப் பாருங்கள். துளியோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் அன்று அந்தக் காற்றில் பாண்டிங் செய்யாதீர்கள்.

பின்சேர்ப்பு: பிளீச்சிங் முடித்து வந்தவருக்கு இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். பல்லில் தங்கிய ஆக்சிஜன் ரெசினைச் சரியாக இறுக விடாது.