ஒரு சாண், ஒன்றரை சாண், இரண்டு சாண்

கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருக்கிற சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு விடியக்காலையில் ஜீப்பில் ஏறுகிறவர்கள், மேலே போய் இறங்கியதும் பெரும்பாலும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "அண்ணே, அந்த வளைவுல வண்டி நாப்பத்தஞ்சு டிகிரி சாஞ்சிருச்சு!" நான் மறுத்துப் பேசுவதில்லை, காசு கொடுத்து வந்தவர்கள், ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை வேண்டுமே. ஆனால் அந்த வளைவை நான் அளந்து வைத்திருக்கிறேன். அங்கே பக்கச் சாய்வு 12 டிகிரி.

பயந்தவன் கண்ணுக்குச் சரிவு பெரிதாகத் தெரியும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது, அவன் வண்டியை நிறுத்திவிடுவான். பழகியவன் கண்தான் ஆளைக் கவிழ்க்கும். பூப்பாறைப் பக்கம் ஏலக்காட்டுக்குள் ஒரு மணி நேரம் சாய்ந்தபடியே ஓட்டிப் பாருங்கள். உடம்பு அந்தச் சாய்வையே சமதளமாக எடுத்துக்கொள்ளும். சுற்றிலும் மரம், மேலே மேகம் இறங்கியிருக்கும், எது மட்டம் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கோடுகூடக் கண்ணில் படாது. அதற்கு மேல் இன்னொரு 8 டிகிரி கூடினாலும் "கொஞ்சம் சாய்வு" என்றுதான் தோன்றும். 27 வருடமாக இந்த மலையில் வண்டி ஓட்டுகிறேன். என் கண்ணை நான் நம்புவதில்லை. வண்டியில் ஒரு கம்பு வைத்திருக்கிறேன்.

சரியாக 1 மீட்டர் நீளத்துக்கு வெட்டிய அலுமினியக் குழாய் அது. அதன் மேல் கொத்தனார் வைத்திருக்கிற சின்ன ரசமட்டத்தைப் பழைய ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். சக்கரம் போகப்போகிற இடத்தில், மேட்டுப் பக்கம் ஒரு முனையைத் தரையில் ஊன்றுங்கள். மறுமுனையைச் சரிவின் நேர்க்கீழாகப் பள்ளத்துப் பக்கம் நீட்டி, ரசமட்டத்துக் குமிழி நடுவில் வரும்வரை தூக்கிப் பிடியுங்கள். இப்போது அந்த முனைக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கையால் சாண் போட்டுப் பாருங்கள். என் சாண் 22 சென்டிமீட்டர். ஒரு சாண் என்றால் ஏறக்குறைய 12 டிகிரி, ஒன்றரை சாண் 18, இரண்டு சாண் 24. உங்கள் சாணை ஒருமுறை ஸ்கேலில் அளந்துகொள்ளுங்கள். டேப் இருந்தால் இன்னும் நல்லது: 27 சென்டிமீட்டர் 15 டிகிரி, 36 என்றால் 20, 58 என்றால் 30.

நான் வைத்திருக்கிற கணக்கு இதுதான். காய்ந்த, கெட்டியான தரையில் ஒரு சாண் வரை பேசாமல் போவேன். ஒன்றரை சாண் என்றால் எல்லோரையும் இறக்கிவிட்டு, அந்த இடம் முழுக்க நடந்து பார்த்த பிறகுதான். இரண்டு சாண் என்றால் வேறு வழி தேடுவேன். மழை பெய்திருந்தால் ஒரு சாணுக்கு மேல் கிடையாது.

என் அக்கா மகன் போன வருடம் புது தார் ஜீப் வாங்கினான். அவனுக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை. "மாமா, நாப்பது டிகிரி வரைக்கும் கவிழாதுன்னு வீடியோல கணக்குப் போட்டே காட்டுறாங்க. நீங்க இருபத்தஞ்சுக்கே பயப்படுறீங்க." அந்த வீடியோக்காரர் சொன்னது பொய்யில்லை. இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடுவுக்கு உள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் எடை மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதால் வகுத்தால் கவிழும் கோணத்தின் டேன்ஜென்ட் (tan) கிடைக்கும், அதிலிருந்து எந்தக் கோணத்தில் கவிழும் என்பது தெரிந்துவிடும். அகலம் 130 சென்டிமீட்டர், மையம் 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொண்டால் 43 டிகிரி வரும். ஆனால் அது சிமெண்ட் தரையில் அசையாமல் நிற்கிற, ஸ்பிரிங்கே இல்லாத பொம்மை வண்டிக்கான கணக்கு.

நம் வண்டி பொம்மை இல்லை. 1500 கிலோ வண்டி, மேலே கேரியரில் 150 கிலோ சாமான், அது தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் எடை மையம் 70-லிருந்து 82-க்கு ஏறிவிடும். 43 டிகிரி 38 ஆகிவிட்டது. சாய்ந்தவுடன் பள்ளத்துப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கும், மேட்டுப் பக்கத்து ஸ்பிரிங் நிமிரும், பாடி தரையைவிட அதிகமாகச் சாயும். டயர் வேறு பிதுங்கும். உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் பள்ளத்துப் பக்கம் சரிவார்கள். ஒவ்வொன்றும் சில டிகிரியைத் தின்றுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய திருடன் ஒற்றைக் கல். மேட்டுச் சக்கரம் 15 சென்டிமீட்டர் கல்லில் ஏறும் நேரத்திலேயே பள்ளத்துச் சக்கரம் 10 சென்டிமீட்டர் குழியில் இறங்கினால், அந்த அச்சு தரைச் சாய்வுக்கு மேல் இன்னும் 11 டிகிரி சாய்கிறது. முன்னச்சு மட்டும் அப்படிச் சாய்ந்தால் பாடி ஏறக்குறைய பாதிதான் வாங்கும். பின்னச்சும் அதே நேரத்தில் வேறொரு வேரில் ஏறினால் முழுசாக வாங்கும். ஒன்றரை சாண் சரிவு 29 டிகிரி ஆகிவிடும். வேகமாகப் போய் ஏறினால் அந்த ஆட்டத்தின் உதைப்பு தனி. அதனால் வழி எவ்வளவு சாய்வு என்று கேட்பதைவிட, அந்த வழியிலேயே நான்கு சக்கரமும் நிற்கப்போகிற மிக மோசமான இடத்தில் எவ்வளவு என்று கேளுங்கள். கம்பை அங்கேதான் வைக்க வேண்டும்.

இதை நான் கற்றது ஒரு ஏலத்தோட்டத்தில். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த குறுக்கு வழி, நூறு முறை போன இடம். அன்றைக்குக் கேரியரில் உர மூட்டைகள். உள்ளே இடம் இருந்தும் இறக்குவதற்குச் சுலபம் என்று மேலே ஏற்றிவிட்டேன். ஐப்பசி மழை பெய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மேட்டுப் பக்கத்துப் பின் சக்கரம் ஒரு வேரில் ஏறியது, அதே நேரத்தில் கீழ்ப்பக்கம் ஓரத்து மண் பொதுக்கென்று இறங்கியது. சீட்டு என்னை விட்டு விலகுகிற மாதிரி ஒரு உணர்வு. கை தானாக ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் திருப்பியது. யாருடைய கையும் அப்படித்தான் செய்யும், அதுதான் தப்பு. வண்டி மெதுவாக, மாடு படுக்கிற மாதிரி, ஒரு சில்வர் ஓக் மரத்தின் மேல் சாய்ந்து நின்றது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மரம் இல்லாதிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

ஸ்டியரிங் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மேட்டுப் பக்கம் திருப்பினால், வளைவில் போகும்போது வெளியே தள்ளுகிறதே, அந்த விசை பள்ளத்துப் பக்கம் தள்ளும். ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்கிற வண்டிக்கு அதுவே போதும். பள்ளத்துப் பக்கம் திருப்பினால் விசை மேட்டுப் பக்கம் தள்ளும், வண்டியின் மூக்கும் சரிவின் நேர்க்கீழாகத் திரும்பும். பக்கவாட்டுச் சாய்வு முன்சாய்வாக மாறிவிடும். வண்டிக்கு நீளம் அதிகம், அகலம் குறைவு. ஆகவே நேராக இறங்குவதை அது தாங்கும். மேட்டுச் சக்கரம் லேசாகிறது என்று தெரிந்த உடனே பள்ளத்துப் பக்கம் திருப்பி, ஆக்சிலேட்டரைத் துளி கொடுத்து, வண்டி இறங்குகிற போக்கிலேயே ஓட்ட வேண்டும். பிரேக்கை மிதிக்கக் கூடாது. இதற்கு ஒரே நிபந்தனை, கீழே வண்டி இறங்க இடம் இருக்க வேண்டும். அதனால் சரிவில் நுழையும் முன்பே "இங்கே வழுக்கினால் எந்தப் பக்கம் இறக்குவேன்?" என்று ஒரு இடம் பார்த்து வைத்துக்கொள்வேன். பள்ளத்துப் பக்கம் பாறை விளிம்பு என்றால், சாண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இந்த வித்தை அங்கே பலிக்காது.

ஈர மண்ணில் வண்டி பெரும்பாலும் கவிழாது, முதலில் வழுக்கும். காய்ந்த இலை மூடிய ஏலக்காட்டுத் தரையும் அப்படித்தான். வழுக்கினால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள். பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிற டயர் ஒரு கல்லிலோ வேரிலோ வாய்க்கால் கரையிலோ தட்டினால், நடந்து போகிறவன் கால் தடுக்கி விழுகிற மாதிரி வண்டி அந்த இடத்தில் உருளும். அந்த உருளலுக்கு 40 டிகிரி தேவையே இல்லை. மழை நாளில் கம்பு மட்டும் போதாது. நான் வெறுங்காலோடு அந்தச் சரிவில் குறுக்கே நடந்து பார்ப்பேன். என் கால் வழுக்கினால் என் டயரும் வழுக்கும்.

மலைப் பாதையின் வெளி ஓரம் இன்னொரு கதை. இந்த வழிகளை மேட்டுப் பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளிப் போட்டிருப்பார்கள். உள்பக்கம் கெட்டி, வெளிப்பக்கம் நிரப்பிய மண். 2018 ஆகஸ்ட் மழையில் இடுக்கி முழுக்க மண் சரிந்ததே, அதற்குப் பிறகு கடப்பாரை இல்லாமல் நான் வெளி ஓரத்தை நம்புவதில்லை. ஒரு குத்துக்கு ஒரு சாண் ஆழம் இறங்கினால் அந்த ஓரத்தில் சக்கரம் வைக்க மாட்டேன். நீளவாக்கில் விரிசல் ஓடியிருந்தால் கடப்பாரையும் தேவையில்லை, அங்கேயே திரும்பிவிடுவேன்.

சரி, போக முடிவு செய்துவிட்டோம். கேரியரைக் காலி பண்ணி, கனமானதெல்லாம் உள்ளே தரையில், மேட்டுப் பக்கமாக வைத்துக் கட்ட வேண்டும். கட்டாத கேஸ் சிலிண்டரைவிட மோசமான பயணி கிடையாது. ஆட்கள் இறங்கி மேட்டுப் பக்கமாக நடந்து வரட்டும். பள்ளத்துப் பக்கம் நின்று "வா வா" என்று கை காட்டுகிறவனை முதலில் அங்கிருந்து விரட்டுங்கள். பெல்ட் போட்டு, கையைக் கம்பியிலோ ஜன்னலிலோ வைக்காமல், ஃபோர் வீல் லோவில் (நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கிற நிலை) முதல் கியர். நடு வழியில் நிறுத்தாமல், கியர் மாற்றாமல், ஆள் நடக்கிற வேகத்தில் ஒரே சீராகப் போக வேண்டும். காற்றை ரொம்பக் குறைத்துவிட்டுச் சரிவுக்கு வராதீர்கள். நேர் ஏற்றத்தில் அது பிடிப்பு கொடுக்கும், சாய்வில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

அக்கா மகன் போனில் சாய்வு அளக்கிற ஆப் போட்டுக்கொண்டான். அதுவும் நல்லதுதான், ஆனால் வண்டியே லேசாகச் சாய்ந்து நிற்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். டேஷ்போர்டில் போனை அசையாமல் பொருத்தி, ஓரளவு சமமான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வலப்பக்கம் 3 டிகிரி காட்டுகிறது என்று வையுங்கள். அதே இடத்தில், அதே சக்கரத் தடத்தில், வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பி நிறுத்துங்கள். இப்போது வலப்பக்கம் 1 என்று காட்டினால், இரண்டையும் கூட்டிப் பாதி, 2 டிகிரி வண்டியும் போனும் சேர்ந்து சொல்கிற பொய். இனி அதைக் கழித்துப் படிக்க வேண்டும். இன்னொன்று, சில ஆப்பில் டிகிரிக்குப் பதில் சதவீதம் வரும். 100 சதவீதம் என்றால் 45 டிகிரிதான். அமெரிக்க ராணுவத்து ஹம்வீ, நம் ஜீப்பைவிட எவ்வளவோ அகலமானது, அதற்கே 40 சதவீதப் பக்கச் சரிவு என்றுதான் சொல்கிறார்கள். டிகிரியில் அது 22. என் இரண்டு சாணுக்கும் உள்ளே! இதைக் காட்டிய பிறகுதான் பையன் வாயை மூடினான்.

சாய்வில் வண்டி நின்றுவிட்டால் மேட்டுப் பக்கத்துக் கதவு வழியாக மட்டும் இறங்குங்கள். வலது பக்கம் பள்ளம் என்றால் டிரைவர் இடது பக்கம் ஊர்ந்து வரத்தான் வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. கயிற்றைச் சேஸிஸில் மாட்டி மேட்டில் இருக்கிற பெரிய மரத்தில் இழுத்துக் கட்டிய பிறகுதான் அடுத்த யோசனை. ஏலச்செடித் தட்டையில் கட்டாதீர்கள். சிரிக்காதீர்கள், கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டி முடித்ததும், வந்த தடத்திலேயே, அங்குலம் அங்குலமாக, பின்னால் எடுங்கள்.