கருவின் சிறுநீரகத்தில் நீர் தேங்கியிருப்பதாக ஸ்கேன் சொன்னால்

ஐந்தாம் மாத ஸ்கேன் அறிக்கையில் குழந்தையின் சிறுநீரகம் சற்று விரிந்திருப்பதாக எழுதப்பட்டிருந்தால், கலங்குவதற்கு முன் அதிலுள்ள மில்லிமீட்டர் அளவைத் தேடிப் பாருங்கள். சிறுநீரகத்தின் நடுவே சிறுநீர் சேரும் பையின் முன்பின் விட்டமே அது. 28 வாரத்துக்கு முன் 4 மி.மீ.க்கும், அதன் பின் 7 மி.மீ.க்கும் குறைவாக இருந்து, வேறு மாறுதலும் தென்படாவிட்டால் இயல்பாகவே கொள்வார்கள். இவ்வளவைச் சிறிதே தாண்டிய குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது தானாகவே சரியாகிவிடுகிறது.

எனினும் ஓர் எண்ணை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். விரிவு ஒரு பக்கமா, இரு பக்கமுமா, சிறுநீரகத் திசு மெலிந்திருக்கிறதா, சிறுநீர்ப்பை பெருத்திருக்கிறதா, பனிக்குட நீர் போதுமானதா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். இவற்றுள் கடைசிக் கேள்வியையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். ஏனெனில் நான்காம் மாதத்துக்குப் பின் பனிக்குட நீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீரே ஆகும். நீர் குறைந்து, இரு சிறுநீரகங்களும் சிறுநீர்ப்பையும் விரிந்திருந்தால், அடுத்த ஸ்கேன் வரை காத்திராமல் கரு மருத்துவ நிபுணரை அணுக வேண்டும். விரிவு சிறிதளவே இருந்து, வேறு மாறுதல் ஏதும் இல்லாதவர்களுக்கு 32 வாரமளவில் மறு ஸ்கேன் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும்.

பிறந்த முதல் இரண்டு நாள்களில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே சுரப்பதால், அப்போது எடுக்கும் ஸ்கேன் பிரச்சினையைக் குறைத்துக் காட்டக்கூடும். ஆகவே கடுமையான நிலை இல்லாதவரை 48 மணி நேரம் கழித்தே எடுப்பார்கள். பழைய அறிக்கைகள் அனைத்தையும் குழந்தை மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். பின்னர் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள்.