ஆறு கட்டத்திலும் டிக் அடிக்காதீர்கள்

பக்கத்துக் கவுன்டியில் (இங்கே அமெரிக்காவில் நம்மூர் மாவட்டம் மாதிரி) நெட்வொர்க் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஈரோட்டுத் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அக்கா, சங்கத்துல எந்தக் கமிட்டில பேரு குடுக்கலாம்?" எங்களைப் போன்ற அரசு ஐ.டி. ஊழியர்களுக்கான சங்கம் அது, உறுப்பினர் படிவத்தில் ஆறு குழுக்கள் போட்டிருந்ததாம். எதற்கும் இருக்கட்டும் என்று ஆறிலும் டிக் அடித்துவிட்டுத்தான் என்னைக் கேட்கிறார். சிரித்துவிட்டேன். முதல் வருடம் நான் மூன்றில் பெயர் கொடுத்தவள். அதில் இரண்டு குழுக்காரர்கள் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

நான் வேலை பார்ப்பது டெக்சாஸில் சுமார் நாற்பதாயிரம் பேர் வசிக்கும் ஒரு நகரத்தில். ஐ.டி. பிரிவில் என்னையும் சேர்த்து ஐந்து பேர். தண்ணீர் பில், போலீஸ் டிஸ்பாட்ச் (அவசர அழைப்பு வந்தால் ஆள் அனுப்பும் பிரிவு), நூலகத்துப் பிரின்டர் எல்லாம் எங்கள் தலையில்தான். எங்களைப் போன்றவர்களுக்கு அமெரிக்காவில் பல சங்கங்கள் உண்டு. மாநில அரசுகளின் தலைமைத் தகவல் அதிகாரிகளுக்கு நாஸ்கியோ, 1969இல் தொடங்கியது. நகராட்சி, கவுன்டி அளவில் ஜிமிஸ், 1971இல் தொடங்கியது. இவை தவிர அந்தந்த மாநிலத்தில் தனிச் சங்கங்கள். மாநிலச் சங்கங்களில் சம்பளத்துக்கு ஆள் அநேகமாக ஒருவரோ இருவரோதான். மற்ற வேலையெல்லாம், மாநாட்டில் யார் பேசுவது என்பதிலிருந்து சாப்பாட்டில் சைவம் எத்தனை என்பதுவரை, உறுப்பினர்கள் சும்மா செய்து கொடுப்பதுதான்.

முதலில் எதில் சேரலாம்? மாநாட்டுக் குழுவில், அதிலும் பதிவு மேஜையில். கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் இருநூறு பேருக்குப் பெயர் அட்டையைக் கையில் எடுத்துக் கொடுத்தால், எந்த ஊருக்கு யார் என்பது ஒரே காலையில் மனதில் ஏறிவிடும். ராத்திரி பத்து மணிக்கு, நெட்வொர்க்குக்குக் காவலாக இருக்கும் ஃபயர்வால் படுத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடலாம் என்பது அங்கேதான் எனக்குத் தெரிந்தது. விருதுக் குழுவும் மோசமில்லை. சில வாரம் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போட வேண்டும், மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று காசில்லாமல் தெரிந்துகொள்ளலாம். எங்களைப் பாதிக்கும் மசோதாக்களைக் கவனிக்கும் சட்டமன்றக் குழு வேறு மாதிரி. டெக்சாஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரியில் தொடங்கி 140 நாட்கள் வரை நடக்கும். அந்த ஐந்து மாதம் மூச்சு விட முடியாது, மற்ற மாதங்களில் ஈ ஓட்டலாம். அதில் சேர்வதாக இருந்தால் உங்கள் நகரத்து வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அரசு ஊழியராக எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பெயர் கொடுக்கும் முன் மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது, நகர நிர்வாகத்தை நடத்தும் சிட்டி மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நான் எழுதியது சில வரிகள்தான்: மாதம் மூன்று மணி நேரம் ஆகும், வருடத்துக்கு இரண்டு பயணம், செலவு யார் கணக்கில், வேலை நேரத்தில் எவ்வளவு, என் சொந்த நேரத்தில் எவ்வளவு, இதனால் நம் ஊருக்கு என்ன கிடைக்கும். கடைசி வரியை எழுத வரவில்லை என்றால் அந்தக் குழு உங்களுக்கானது இல்லை.

குழுத் தலைவர் ஆனால் முதல் வேலை, காலண்டரை விரிப்பது. எங்கள் நகராட்சிகளுக்கு நிதியாண்டு பெரும்பாலும் அக்டோபர் 1இல் தொடங்கும். ஜூலை, ஆகஸ்ட் என்றால் பட்ஜெட். அந்த நேரத்தில் கூட்டம் போட்டால் நீங்களும் உங்கள் நிழலும்தான் வருவீர்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம், கடலோர ஊர்க்காரர்களைக் கணக்கில் வைக்கவே வேண்டாம். ஆக, உருப்படியான வேலை நடப்பது டிசம்பரிலிருந்து மே வரைதான். அதற்குள் முடியக்கூடிய ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு காரியம் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். 2019 ஆகஸ்டில் டெக்சாஸில் இருபதுக்கும் மேற்பட்ட சிறிய உள்ளாட்சிகளை, கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒரே நாளில் தாக்கியது. பர்கர் என்ற ஊரில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கூடக் கொடுக்க முடியவில்லை. அதற்கப்புறம் எங்கள் பாதுகாப்புக் குழு சிறு ஊர்களுக்காக ஒரு திட்ட ஆவணம் எழுதத் தொடங்கியது. வாராவாரம் வளர்ந்து நாற்பது பக்கம் ஆகிவிட்டது. பாதிப் பக்கம் நான் எழுதியது, பெருமை வேறு. குழுவில் மூவாயிரம் பேர் உள்ள ஊரின் ஒரே ஐ.டி. ஆள் ஒருவர் இருந்தார். எப்போதும் பிக்கப் வண்டிக்குள்ளிருந்துதான் ஜூமில் வருவார். ஒருநாள் பாதியில், "டிஸ்பாட்ச் கூப்பிடுது, போறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். காலைல ஆறு மணிக்கு எல்லா ஸ்கிரீனும் சிவப்பா இருந்தா, இந்த நாப்பதுல எந்தப் பக்கத்தைப் புரட்டட்டும்?" என்று கேட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

யாரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கே நாற்பதையும் ஓரம் வைத்துவிட்டு ஒரு தாள் எழுத உட்கார்ந்தோம். முதல் வரி: கேபிளைப் பிடுங்கு, கணினியை அணைக்காதே. (அணைத்தால் நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும்.) அடுத்து, யாரை எந்த வரிசையில் கூப்பிடுவது. சிட்டி மேனேஜர், அப்புறம் காப்பீட்டுக்காரர். பலரும் காப்பீட்டைக் கடைசியில் வைப்பார்கள். அவர்களைக் கேட்காமல் வெளி ஆளை வேலைக்கு அமர்த்தினால் அந்தச் செலவைத் தர மாட்டேன் என்று சொல்லக்கூடும். பிறகு மாநிலம். 2023 செப்டம்பரிலிருந்து இப்படிப்பட்ட தாக்குதலை 48 மணி நேரத்துக்குள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டதால், அந்த வரியை அப்புறம் தடித்த எழுத்துக்கு மாற்றினோம். கீழே செல்போன் எண்கள். அலுவலக எண் வேண்டாம், மேஜைப் போனும் அதே நெட்வொர்க்கில்தான் ஓடுகிறது. தாளைப் பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சர்வர் அறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டச் சொன்னோம். சங்கத்தில் நான் செய்ததில் இன்றும் ஆட்கள் பயன்படுத்துவது அந்த ஒரு தாள்தான்.

கூட்டத்தை நடத்துவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது நிமிடம் போதும். முடிந்த அன்றே மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) அனுப்புங்கள். யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்ற மூன்று மட்டும். "பாக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அது இல்லை என்றுதான் அர்த்தம், அவர் பெயரைப் போட வேண்டாம். நிஜ வேலை இரண்டு கூட்டங்களுக்கு நடுவில், நீங்கள் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க அந்த ரெண்டு பத்தி எழுதித் தர்றீங்களா?" என்று கேட்பதில் இருக்கிறது. பொதுவாக மெயில் போட்டுக் கேட்டால் யாரும் அசைய மாட்டார்கள். நானும் அசைய மாட்டேன்.

இரண்டு இடத்தில் மட்டும் ஜாக்கிரதை. ஒன்று, மின்னஞ்சல். நகராட்சிக் கணக்கிலிருந்து குழுவுக்கு எழுதுவதும் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் யாராவது கேட்டால் வெளியே போகலாம். உங்கள் ஊர் ஃபயர்வாலின் மாடல், அதிலுள்ள ஓட்டை, போன மாதம் நடந்த கோளாறு, இதையெல்லாம் அதில் எழுதாதீர்கள். போனில் பேசுங்கள்.

இன்னொன்று, வெண்டர்கள், அதாவது நமக்குச் சாமான் விற்கும் கம்பெனிகள். ஸ்பான்சர் பணம் இல்லாமல் மாநாடு நடக்காது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஸ்பான்சர் கொடுத்தவர் தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் உட்கார்ந்தால், எல்லா அமர்வும் அவர் விற்கும் பெட்டியைப் பற்றித்தான் இருக்கும். ஒரு வருடம் எங்களுக்கு அப்படி ஆனது. இரண்டாம் நாள் மதியம் பாதி அரங்கு காலி. பரிசு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தில், பரிசு வாங்கக் கூடாது என்ற விதியிலிருந்து அரசு ஊழியருக்கு உள்ள விலக்கு 50 டாலருக்குக் குறைவான பொருளுக்குத்தான், ரொக்கத்துக்கு அதுவும் இல்லை. பல நகரங்களின் சொந்த விதி இதைவிடக் கடுமை. குலுக்கலில் ஐபேட் விழுந்தால் கைதட்டுங்கள், ஆனால் எடுத்துக்கொள்ளும் முன் உங்கள் வழக்கறிஞருக்கு ஒரு போன்.

பதவி முடியும்போது ஒப்படைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். எனக்கு முன்பு தலைவராக இருந்தவர் தங்கமானவர், ஆனால் ஐந்து வருட ஆவணங்களையும் தன் நகராட்சியின் டிரைவில் வைத்திருந்தார். ஓய்வு பெற்றார், வழக்கம்போல அவர் கணக்கை மூடினார்கள், எல்லாம் போயிற்று. ஐ.டி. ஆட்களின் சங்கத்திலேயே இந்தக் கூத்து. முதல் நாளே கோப்புகளைச் சங்கத்தின் கணக்கில் வையுங்கள், இரண்டு பேருக்காவது அனுமதி இருக்கட்டும். நான் சொன்ன அந்த ஒற்றைத் தாளின் அடியில் கடைசியாகச் சரிபார்த்த தேதியும், சரிபார்த்தவர் பெயரும் இருக்கும். 2025இல், சைபர் தாக்குதல்களைக் கவனிக்க டெக்சாஸ் சைபர் கமாண்ட் என்ற புது அமைப்புக்குச் சட்டம் வந்தபோது, மாநிலத்துக்கான வரியை உடனே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும் முன்பே நினைவுபடுத்தியவர், அந்தத் தாளின் அடியில் பெயர் இருந்தவர்தான். நான் அப்போது பொறுப்பிலேயே இல்லை.

தம்பியிடம் ஐந்து டிக்கை அழிக்கச் சொல்லியிருக்கிறேன். எதை மிச்சம் வைத்தார் என்று இன்னும் சொல்லவில்லை.