ட்ரோன் வரைபடத்தில் தெருக்கள் மைனஸ் 80 மீட்டர் காட்டினால்

பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய ஒரு குடியிருப்புக்கு மழைநீர் வடிகால் திட்டமிட, ட்ரோன் சர்வேயிலிருந்து உயர மாதிரி தயாரித்தோம். கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே இருக்கும் தெருக்கள், மைனஸ் 80 மீட்டருக்கு அருகில் காட்டின.

கேமரா அளவுத்திருத்தத்தைச் சந்தேகப்பட்டு மறுபடி செய்தோம், பலனில்லை. தரையில் நிறுத்திய ஜிபிஎஸ் ஒப்பீட்டுக் கருவியான பேஸ் ஸ்டேஷனின் தரவைத் திரும்பக் கணக்கிட்டும் அதே எண். அப்புறம்தான் பிடிபட்டது: ஜிபிஎஸ் தருவது கடல்மட்ட உயரம் அல்ல, டபிள்யூஜிஎஸ்84 என்ற கணித நீள்கோளத்திலிருந்து உயரம். நம் பக்கம் கடல்மட்டப் பரப்பான ஜியாய்டு அந்தக் கோளத்துக்கு வெகு கீழே கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே அந்த இறக்கம் சுமார் 106 மீட்டர். சென்னையிலேயே 80 மீட்டருக்கும் அதிகம்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. புள்ளிகளை, ஆயத்தொலைவுகளை மாற்றும் ப்ரோஜ் மென்பொருளின் சிஎஸ்2சிஎஸ் கருவியில் போட்டு, ஈஜிஎம்2008 என்ற ஜியாய்டு மாதிரியின்படியான கடல்மட்ட உயரத்துக்கு மாற்றச் சொன்னேன். எண்கள் அசையவே இல்லை, பிழைச்செய்தியும் வரவில்லை. நாட்களைத் தின்றது இந்த மௌனம்தான். இடத்துக்கு இடம் ஜியாய்டு எவ்வளவு கீழே என்று சொல்லும் கிரிட் கோப்பு கணினியில் இல்லாவிட்டால், கருவி உயரத்தைத் தொடாமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது! 'நோ பால்பார்க்' (தோராய மாற்றம் வேண்டாம்) என்ற தெரிவைச் சேர்த்து ஓட்டிய பிறகே, மாற்ற முடியவில்லை என்று ஒப்புக்கொண்டது. கிரிட் கோப்பை இறக்கி உரிய ஃபோல்டரில் வைத்ததும் தெருக்கள் மேலே வந்தன.

இந்திய நில அளவைத் துறையின் பெஞ்ச் மார்க்குடன், அதாவது உயரம் அளந்து குறித்த நிலையான புள்ளியுடன், ஒப்பிட்டபோது இன்னும் சில டெசிமீட்டர் வித்தியாசம் இருந்தது. வடிகாலின் வாய் சதுப்பு நீர்மட்டத்துக்கு மேலே நிற்குமா என்பதை அந்தச் சிறு எண்ணே தீர்மானிக்கும். அதனால் கடைசித் திருத்தத்தை அந்த மார்க்கை வைத்தே செய்தோம்.